பழைய வீட்டுக்கு உத்தரவாத ஒப்பந்தம் வாங்கலாமா? செட்டிநாட்டு வீடொன்றின் மூன்றாண்டுக் கணக்கு

காரைக்குடிச் சுற்று வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இந்த வீட்டார் 2022-இல் என்னிடம் கேட்டது கட்டட வேலை அல்ல, ஒரு யோசனை. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் தேவையில்லை. தொகைகள் அந்த வீட்டில் இருக்கும் ஆச்சியின் கணக்கு நோட்டிலிருந்து எடுத்தவை.

வீடும் வீட்டாரும்

1930-களில் கட்டிய வீடு. முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வளவைச் சுற்றிய தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு. இரண்டாம் கட்டுக்கு மேலே தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்து, தட்டோடு பதித்த மெத்தை, அதாவது மொட்டைமாடித் தளம். மூன்று பங்காளி வீட்டாருக்குப் பாத்தியப்பட்டது. மற்ற இரண்டு வீட்டாரும் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். நிரந்தரமாக இருப்பது ஆச்சி ஒருவர்தான், துணைக்கு ஒரு பெண். 2022-இல் ஆச்சிக்கு வயது 74.

மூத்த மகன் சென்னையில், மகள் கோயம்புத்தூரில், இளைய மகன் அமெரிக்காவில் டெக்சாஸில். ஆச்சி புழங்கும் பகுதியில் இரண்டு அறை, இரண்டு குளியலறை, ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ., இன்வெர்ட்டர், போர் மோட்டார் இருந்தன. தொண்ணூறு வயது கட்டடத்துக்குள் பத்து வயது சாமான்கள். இரண்டின் நோயும் வேறு, மருந்தும் வேறு என்பதைப் பின்னால் நாங்கள் திரும்பத் திரும்பப் பேச வேண்டியிருந்தது.

2021 நவம்பர்: மழையும் மோட்டாரும்

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுதும் வழக்கத்தைவிட மிக அதிகம். தீபாவளி கழிந்து பெய்த மழையில் இரண்டாம் கட்டு மெத்தை மூன்று இடத்தில் ஒழுகியது. அதே வாரம் மோட்டார் கருகியது. காயில் கட்டுபவர் காரைக்குடியில் இருந்தார். ஆனால் மழையில் மோட்டாரை மேலே தூக்க ஆள் வரவில்லை. நான்கு நாள் ஆச்சியும் துணைப் பெண்ணும் கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஈரத்தில் கால் வழுக்கி ஆச்சிக்கு மணிக்கட்டு பிசகியது. பிள்ளைகளை உலுக்கியது ஒழுகலோ மோட்டார் செலவோ அல்ல, இந்தச் செய்திதான்.

மேசைக்கு வந்த இரண்டு தாள்கள்

2022 ஜூன் மாதம் பேரன் கல்யாணத்துக்கு எல்லோரும் கூடினார்கள். இளைய மகன் டெக்சாஸில் வீடு வாங்கியபோது விற்றவரே முதல் வருடத்துக்கு ஹோம் வாரண்டி எடுத்துக் கொடுத்திருந்தார். அங்கே அது வழக்கம். ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால், ஏசி, ஹீட்டர், தண்ணீர்க் குழாய், மின்வயர், சமையலறைச் சாமான்கள் தேய்ந்து பழுதானால் கம்பெனி ஆள் அனுப்பும். ஒவ்வொரு முறை வரும்போதும் தனிக் கட்டணம் உண்டு. சாமானுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. முன்பே இருந்த பழுதுக்குக் கிடையாது. பெயரில் வாரண்டி என்றாலும் உள்ளபடிக்கு அது ஒரு சேவை ஒப்பந்தம். தீ, புயல், திருட்டுக்கான காப்பீட்டோடு அதற்குச் சம்பந்தமில்லை. “ஆத்தாவுக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்துருவோம். ஒரே நம்பர், ஒரே ஆள்” என்றார் அவர்.

தேடியதில் இரண்டு தாள்கள் வந்தன. முதலாவது, மதுரையிலிருந்து ஒரு நிறுவனம் தந்த ‘முழு வீட்டுப் பராமரிப்பு உத்தரவாதம்’. ஆண்டுக்கு 28,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 33,040. மூன்று ஆண்டுக்குக் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, மெத்தை முழுவதற்கும் பாலிமர் பூச்சு அடித்து ‘10 ஆண்டு ஒழுகாத உத்தரவாதம்’ தரும் வாட்டர் ப்ரூஃபிங் காண்ட்ராக்டருடையது. 1,900 சதுர அடிக்கு 45 ரூபாய் வீதம் 85,500.

இரண்டையும் எடுத்துவிடலாம் என்பது சென்னை மகனின் எண்ணம். மகள்தான், “ரெண்டு லட்சத்துக்குப் பக்கத்துல வருது, ஒரு தடவை யாரையாவது கேட்டுக்குவோம்” என்று என்னைக் கூப்பிட்டார்.

கணக்கு நோட்டு சொன்னது

நான் போன அன்று ஆச்சி ஐந்து நீள நோட்டுகளை எடுத்து வைத்தார்கள். 2017 முதல் 2021 வரை வீட்டுக்குச் செலவான ஒவ்வொரு ரூபாயும் தேதி, ஆள், வேலை என்று எழுதியிருந்தது. ஆணி வாங்கியது முதல். நகரத்தார் எனப்படும் செட்டியார் வீடுகளில் கணக்கெழுதும் பழக்கத்தைப் பார்த்தவன்தான் நான். ஆனாலும் ஒரு பராமரிப்பு முடிவுக்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. விளம்பரத் தாள் ‘சராசரிக் குடும்பத்தின் செலவு’ பற்றிப் பேசும். நோட்டு இந்த வீட்டின் செலவைச் சொன்னது.

ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 3,06,000 ரூபாய். ஆண்டுக்குச் சராசரி 61,200. பிரித்துப் பார்த்தோம்:

ஆண்டுதோறும் ஓடு பிரித்து மாற்றியது 78,000. 2020-இல் மெத்தையில் ஒட்டுப்போட்டது 68,000. கறையான், கதவு, மர வேலை 31,000. ஆகக் கட்டடத்துக்கு மட்டும் 1,77,000, நூற்றுக்கு 58.

மிச்சம் 1,29,000. அதில் பெரியது மோட்டார்: மூன்று தடவை காயில் கட்டியது 21,500, ஒரு புது மோட்டார் 24,500. வயரிங், பிளம்பிங் 22,000. ஏசிக்கு சர்வீஸ் 6,000, ஒரு போர்டு 8,500, ஒரு முறை கேஸ் 4,500. இன்வெர்ட்டர் பேட்டரி 15,500. ஆர்.ஓ. ஃபில்டர்கள் 14,000. ஃபிரிட்ஜ் 5,200, வாஷிங் மெஷின் 3,800, கீசர் காயில் 3,500.

இளைய மகன் வீடியோ அழைப்பில் இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. ஆத்தாவின் செலவு ஏசி, ஃபிரிட்ஜ் போன்றவற்றில்தான் போகிறது என்று நினைத்திருந்ததாகச் சொன்னார்.

ஒப்பந்தத்தைப் பழைய கணக்கின்மேல் வைத்துப் பார்த்தது

ஒப்பந்தத்தில் என்னென்ன அடங்கும் என்று படித்தால் எல்லாம் அடங்குவது போலத்தான் தெரியும். அதனால் வேறு வழியில் போனோம். 2017-லேயே இந்த ஒப்பந்தம் கையில் இருந்திருந்தால், நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு கிடைத்திருக்கும்? விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆச்சியும் மகளும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தோம்.

ஓடு, மரம், சுண்ணாம்புத் தளம் எல்லாம் ‘பாரம்பரியக் கட்டுமானம்’ என்ற விலக்கில் போய்விட்டன. ஒரே வரியில் 1,77,000 வெளியே. பேட்டரியும் ஃபில்டரும் ‘தேயும் பொருள்’. கீசர் காயிலில் உப்பு படிந்தது ‘நீரின் தன்மையால் வந்த சேதம்’. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் கீசர் கெடுவதற்கு அநேகமாக அது ஒன்றுதான் காரணம். ஏசி கேஸ் கிடையாது. சுவருக்குள் போகும் குழாயும் வயரும் கிடையாது. ‘மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் ஏற்படும் பழுது’ கிடையாது. மோட்டார் மூன்று தடவை கருகியதில் இரண்டு தடவை லோ வோல்டேஜ் என்று காயில் கட்டியவரே நோட்டில் கையெழுத்திட்டிருந்தார். எட்டு வயது தாண்டிய சாமானுக்கு எதுவும் இல்லை. புது மோட்டாருக்கு 24,500 ஆனாலும் ஒரு சாமானுக்கு உச்சவரம்பு 15,000.

சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் கம்பெனி தந்திருக்கும் என்றே எண்ணினோம். அப்படி எண்ணியும் ஐந்து ஆண்டில் கிடைத்திருக்கக்கூடியது 54,000. ஆள் வரும்போதெல்லாம் 350 ரூபாய் கட்டணம். பதினான்கு முறை வந்திருப்பார்கள் என்று வைத்தால் 4,900 கழியும். ஆக 49,100. அதற்கு ஐந்து ஆண்டில் கட்டியிருக்க வேண்டியது 1,65,200. ஒரு ரூபாய் கட்டினால் முப்பது காசு திரும்பியிருக்கும்.

பழைய விலை என்பதால் நாலில் ஒரு பங்கு கூட்டியும் பார்த்தோம். 54,000 என்பது 67,500 ஆகிறதே தவிர முடிவு மாறவில்லை.

நிறுவனம் ஏமாற்றுகிறது என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை, இங்கும் சொல்லவில்லை. விலக்குகள் எல்லாம் தாளில் எழுதியிருந்தன. ஐந்து வயதுக்கு உட்பட்ட சாமான்கள் உள்ள நகரத்து அபார்ட்மெண்டை மனத்தில் வைத்துச் செய்த ஒப்பந்தம் அது. ஆச்சியின் வீட்டுக்கு அளவெடுக்காத சட்டை.

ஆச்சிக்கு வேண்டியது என்ன

இந்த இடத்தில் நான் ஒரு பிழை செய்தேன். கணக்கு முடிந்ததும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பத் தயாரானேன். காபி கொடுத்துக்கொண்டே ஆச்சி சொன்னார்கள்: “தம்பி, கணக்கு சரிதான். ஆனா எனக்குக் காசு போறது பெருசில்லை. ராத்திரி லைட்டு போனா, தண்ணி வரலைனா, யாரைக் கூப்பிடுறதுன்னு தெரியாம ஒக்காந்திருக்கேனே, அதுக்கு என்ன பண்றது?”

பிள்ளைகள் வாங்க நினைத்தது உத்தரவாதம். ஆச்சி கேட்டது, கூப்பிட்டால் வருகிற ஆள். கணக்கு நோட்டில் அது எழுதியிருக்காது; நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஆகவே ஒப்பந்தத்தை இன்னொரு முறை, அந்தக் கண்ணோடு படித்தோம். ‘48 மணி நேரத்தில் ஆள் வரும், மாநகர எல்லைக்கு வெளியே இயன்ற விரைவில்.’ மதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். நிறுவனத்துக்குப் போன் செய்து இங்கே யார் வருவார்கள் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார்கள்: காரைக்குடியில் அவர்களுக்கு இரண்டு பேர் வேலை எடுத்துச் செய்கிறார்கள். அதில் ஒருவர், ஆச்சி வீட்டுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியன்.

அவரைப் போய்ப் பார்த்தேன். நிறுவனம் தரும் கூலி வெளியே வாங்குவதைவிடக் குறைவு, அதுவும் இரண்டு மாதம் கழித்து வரும் என்றார். “அதனால கம்பெனி வேலையைக் கடைசியாத்தான் பார்ப்பேன் சார். ஆச்சி நேராக் கூப்பிட்டா அன்னைக்கே வருவேன்.” என் பார்வையில் முடிவைத் தீர்த்தது முப்பது காசுக் கணக்கைவிட இந்தப் பேச்சுத்தான். ஒப்பந்தம் வாங்கியிருந்தால் அதே ஆள், தாமதமாக வந்திருப்பார்.

மெத்தைக்குப் பத்தாண்டு

இதில் என் கருத்து தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தது. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டில் இந்தப் பூச்சு இப்போது வீடு வீடாக ஏறிக்கொண்டிருக்கிறது.

சுண்ணாம்புத் தளம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் திருப்பிவிடும். கீழே இருக்கும் தேக்குக் கட்டை தொண்ணூறு ஆண்டு நின்றது அப்படித்தான். மேலே காற்றுப் புகாத பூச்சை அடித்தால், விரிசல் வழியாகவோ சுற்றுச் சுவர் வழியாகவோ உள்ளே போன ஈரம் மேலே வர வழியில்லாமல் கீழே இறங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனையில் போய்த் தங்கும். அந்த முனை கண்ணுக்குத் தெரியாது. கூரை ஒழுகவில்லை என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். கட்டை உள்ளே மாவாகிக்கொண்டிருக்கும். பூச்சடித்த இரண்டு மெத்தைகளை இதற்கு முன் நான் பிரித்திருக்கிறேன். இரண்டிலும் கட்டை முனை விரலால் கிள்ளினால் வந்தது.

உத்தரவாதத் தாளில் இருந்ததையும் படித்தோம். ஒழுகினால் திரும்பப் பூசுவதற்கான பூச்சுப்பொருள் மட்டும் இலவசம், கூலி நம்முடையது. பூச்சுக்குக் கீழே உள்ள தளத்தில் அசைவோ விரிசலோ வந்தால் செல்லாது. மெத்தையில் நடமாட்டம் கூடாது. உள்ளே மரத்துக்கோ சுவருக்கோ வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை. தொண்ணூறு வயது சுண்ணாம்புத் தளம் வெயிலுக்கும் மழைக்கும் சற்று அசையத்தான் செய்யும். அந்த மெத்தையில்தான் ஆச்சி ஒவ்வொரு மாசியிலும் வற்றலும் வடகமும் காயவைக்கிறார்கள். பத்தாண்டு உத்தரவாதம் முதல் கோடையிலேயே செல்லாததாகியிருக்கும். செல்லுபடியாகும் காலத்திலும் அது காப்பது பூச்சை, கட்டையை அல்ல.

சென்னை மகன் இதை எளிதில் ஏற்கவில்லை. “பத்து வருஷம்னு எழுதிக் கொடுக்கிறான், கொத்தனார் ஒரு வருஷம்கூட எழுதித் தரமாட்டாரே” என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் இருந்த பதில், பிரித்த கட்டைகளின் படங்கள் மட்டும்தான். காட்டினேன்.

எடுத்த முடிவுகள்

2022 ஜூலையில் முடிவானவை இவை.

பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டாம். அதற்குக் கட்டியிருக்கக்கூடிய பணத்தை வீட்டுக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கில் போடுவது. மூன்று பிள்ளைகளும் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம், ஆண்டுக்கு 36,000. செலவு ஆச்சியின் கையில். மகள் போனில் பார்த்துக்கொள்வார்.

எலக்ட்ரீஷியனுக்கு மாதம் 500 ரூபாய் நிலையாக. பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து சுவிட்ச்போர்டு, மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் தண்ணீர் எல்லாம் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் அன்றே வர வேண்டும். அந்தந்த வேலைக்குக் கூலி தனி, அன்றே கையில். மோட்டார் தூக்குபவர், பிளம்பர், காயில் கட்டுபவர் எண்கள் அவர் பொறுப்பு.

மோட்டாருக்கு, தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் வோல்டேஜ் குறைந்தாலும் கூடினாலும் தானே நிற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதோடு எர்த் குழியைப் புதிதாக எடுப்பது. இரண்டுக்கும் 11,500 என மதிப்பீடு.

எல்லா உத்தரவாதமும் வேண்டாம் என்று முடிவாகவில்லை. பழைய ஏசி எட்டு வயது தாண்டியிருந்தது, மாற்றினார்கள். புது ஏசிக்குத் தயாரிப்பாளரே தரும் நான்காண்டு நீட்டிப்பு, வரியோடு 3,776 ரூபாய்க்கு எடுத்தோம். கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். ஆனால் சாதாரணமாகப் பழுதாவது போர்டும் விசிறி மோட்டாரும். நீட்டிப்பில் அவை இருந்தன. சர்வீஸ் சென்டர் காரைக்குடியிலேயே இருந்தது. சாமானைச் செய்தவரே பொறுப்பேற்கிறார், தொகை சிறியது, கெடக்கூடிய பாகம் அடங்குகிறது. எடுக்கலாம் என்றேன்.

வீட்டுக் காப்பீடு இதிலிருந்து தனி. மின்மோட்டார் கருகுவது இந்தக் குடும்பம் தாங்கக்கூடிய செலவு. தீப்பிடித்துத் தேக்குக் கூரை போனால் தாங்க முடியாது. பெரிய, அரிய இழப்புக்குத்தான் மற்றவரிடம் பணம் கட்ட வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை வழங்குகின்றன. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, வீட்டுச் சாமான்களும் தாமாகவே அடங்கும். விலைமதிப்புள்ள பழம்பொருளுக்குத் தனிச் சேர்க்கை வேண்டும். மூன்று பங்காளி வீட்டார் பெயரையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்ததால் கடிதப் போக்குவரத்திலேயே எட்டு மாதம் போயிற்று. இதுவரை கோரிக்கை எதுவும் எழவில்லை.

மெத்தைக்குப் பூச்சு வேண்டாம். கெட்ட 420 சதுர அடியை மட்டும் பிரித்துச் சுண்ணாம்பிலேயே திரும்பப் போடுவது. மூன்று வீட்டாரும் பங்கு போட்டுக்கொள்வது.

மூன்றாண்டில் நடந்தது

மெத்தை வேலை 2023 மாசி, பங்குனியில் நடந்தது. மழைக்கு முன் சுண்ணாம்பு இறுக நாள் வேண்டும் என்பதால் அந்த மாதங்கள். செலவு 75,600, வீட்டுக்கு 25,200. ஒரு வீட்டார் மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். பிரித்தபோது நான்கு கட்டை முனைகள் ஈரமாக இருந்தன, மாற்றும் அளவுக்கு இல்லை. காயவிட்டோம். அந்த ஆண்டு மழையில் பழைய மூன்று இடங்களும் ஒழுகவில்லை. தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயருகே புதிதாக ஓர் இடம் கசிந்தது. வேலையின்போதே அதையும் எடுத்துச் செய்திருக்க வேண்டும், நான் விட்டது. 2,200 ரூபாயில் சரிசெய்தோம்.

மோட்டார் இந்த மூன்று ஆண்டில் ஒருமுறைகூடக் கருகவில்லை. பெட்டி பல மாலைகளில் அதைத் தானே நிறுத்தியிருக்கிறது. தண்ணீர் ஏற அரை மணி தாமதம், அவ்வளவுதான். 2025-இல் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேய்ந்து மாற்றியது 7,400.

எலக்ட்ரீஷியனை இரவில் கூப்பிட்ட ஐந்து தடவையும் அன்றே வந்தார். ஒருமுறை வருவதற்கு இரவு பதினொன்றாகிவிட்டது. ஆச்சி அவருக்கு இட்லி வைத்துக் கொடுத்ததாக நோட்டில் இல்லை, துணைப் பெண் சொன்னார்.

பெரிய அடி 2024 மே மாதக் கோடை மழையில் விழுந்தது. இடி அருகே இறங்கி, இன்வெர்ட்டர், டிவி, இணைய மோடம் மூன்றும் போயின. மொத்தம் 32,400. ஏசி பிளக்கை ஆச்சி கழற்றி வைத்திருந்ததால் தப்பியது. விசாரித்தபோது தெரிந்தது: எர்த் குழி எடுத்த வேலை பாதியில் நின்றிருந்தது. மோட்டாருக்கு மட்டும் இணைத்துவிட்டு, வீட்டு மெயின் போர்டுக்கு ‘அடுத்த முறை’ என்று விட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சரிபார்க்கவில்லை. மின்னல் பாய்ச்சலைத் தரைக்குத் திருப்பும் சர்ஜ் தடுப்பான் போடச் சொல்லவும் மறந்தேன். பிறகு இரண்டும் சேர்த்து முடித்தது 4,500 ரூபாய். முன்பே செய்திருந்தால் 32,400-இல் பெரும்பகுதி மிஞ்சியிருக்கலாம்.

அந்தச் சேதத்தை மதுரை ஒப்பந்தம் தந்திருக்காது. மின்னழுத்த விலக்கில் போயிருக்கும். வீட்டுக் காப்பீட்டிலும் மின் சாதனத்துக்குள் மின்சாரத்தால் வரும் கருகல் பொதுவாக விலக்கப்பட்டதே. முகவர் அதைத்தான் சொன்னார், பாலிசியைப் படித்ததில் சரியாகவே இருந்தது. இந்த ஒரு அபாயத்துக்குத் தாளில் பாதுகாப்பே இல்லை. எர்த்தின் செம்புக் கம்பியில்தான் இருக்கிறது.

2025 ஜூனில் ஏசியின் வெளி யூனிட் விசிறி மோட்டார் நின்றது. நீட்டிப்பு வாரண்டியில் பணமில்லாமல் மாற்றினார்கள். வெளியே கேட்டால் 4,800. கட்டிய 3,776 அந்த ஒரு தடவையிலேயே வந்துவிட்டது.

மூன்று ஆண்டில் வீட்டுக் கணக்கில் போட்டது 1,08,000. செலவு: எலக்ட்ரீஷியனுக்கு 18,000, பெட்டியும் எர்த்தும் 11,500, சர்ஜ் தடுப்பானோடு எர்த் முடித்தது 4,500, இம்பெல்லர் 7,400, ஃபில்டர் 9,600, கீசர் 1,900, ஃபிரிட்ஜ் 2,600, பிளம்பிங் 8,300, ஏசி சர்வீஸ் 7,200, ஏசி நீட்டிப்பு 3,776, இடிச் சேதம் 32,400. கூட்டினால் 1,07,176. மிச்சம் 824 ரூபாயும் வட்டியும். ஒப்பந்தம் எடுத்திருந்தால் 99,120 கட்டிவிட்டு, இந்தச் செலவுகளில் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய்க்குள்தான் திரும்பியிருக்கும். மீதியைக் கையிலிருந்து போட்டிருப்பார்கள்.

இன்று செய்தால் மாற்றிச் செய்வது

முதலில் வீட்டில் இருப்பவரைக் கேட்பேன். கணக்கு நோட்டை இரண்டாவதாகத் திறப்பேன்.

எர்த்தும் சர்ஜ் தடுப்பானும் எல்லாவற்றுக்கும் முன்பு. முடிந்ததென்று சொன்னால் போதாது; மீட்டர் வைத்து அளந்து, அளவை நோட்டில் எழுத வேண்டும்.

மாதம் ஆயிரம் என்பது குறைவு. இடி விழாமலிருந்தால் முப்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும் என்பது உண்மை. ஆனால் எதிர்பாராததற்குத்தான் அந்த நிதியே. தொடங்கும்போதே ஒரு 40,000 முன்பணமாகப் போட்டிருக்க வேண்டும். அது இருந்திருந்தால் 2024 மே மாதம் டிவி வாங்க ஆச்சி இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருக்க மாட்டார்கள்.

இந்த முடிவை அப்படியே மற்ற வீடுகளுக்கு எடுத்துப் போக வேண்டாம். பூட்டியே கிடக்கும் வீடு, நம்பிக்கையான ஆள் யாரும் அமையாத ஊர், எல்லாச் சாமானும் ஒரே ஆண்டில் வாங்கிய வீடு என்றால் கணக்கு வேறாக வரலாம். புதிதாக அபார்ட்மெண்ட் வாங்குபவர்கள் எந்த ஒப்பந்தத்துக்கும் முன் ரியல் எஸ்டேட் சட்டம் 2016-இன் 14-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். சட்டம் தந்திருப்பதைக் காசு கொடுத்து இன்னொரு முறை வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் எடுத்து அதில் தகராறு வந்தால், தாளில் எந்த ஊர் நீதிமன்றம் என்று அச்சடித்திருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ஆச்சிக்கு அது சிவகங்கை.

2025 ஜூலையில் மூன்றாண்டு முடிந்து மறுபடி கூடிப் பேசினார்கள். மாதத் தொகையை ஆளுக்கு 1,500 ஆக்கியிருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனுக்கு 750. அவர் தை பிறந்ததும் சிங்கப்பூர் போவதாக இருக்கிறார். தன் அக்கா மகனை இரண்டு மாதமாகக் கூடவே அழைத்து வந்து, எந்த ஸ்விட்ச் எந்த அறைக்கு என்று காட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பையன் எண்ணை ஆச்சி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு நான்கு வயதாகிவிட்டது.